ரோமானியர்கள் தங்கள் தெய்வங்களை உண்மையிலேயே நம்பினார்களா?

கேள்வி இது: பண்டைய ரோமானியர்களுக்கென்று சொந்தமாக ஒரு மதம் இருந்ததா, இல்லை கிரேக்கத் தெய்வங்களுக்குப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்களா? அந்தத் தெய்வங்களை அவர்கள் உண்மையிலேயே நம்பினார்களா?

ஸீயஸ்தான் ஜூபிடர், ஹீராதான் ஜூனோ, ஏரிஸ்தான் மார்ஸ் என்று அட்டவணை போட்டுப் படித்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். எனக்கும் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது ஒரு விவசாயக் கையேடு. கி.மு. 160ஐ ஒட்டிக் கேட்டோ என்ற ரோமானிய அரசியல்வாதி எழுதியது. நிலம் வாங்குவது எப்படி, ஒலிவ எண்ணெய் ஆட்டுவது எப்படி, மாட்டுக்கு மருந்து கொடுப்பது எப்படி என்று போகும் அந்த நூலின் நடுவே, தோப்பில் மரம் கழிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்றும் வருகிறது. ஒரு பன்றியைப் பலி கொடுக்க வேண்டும். சொல்ல வேண்டிய வார்த்தைகளும் தரப்பட்டிருக்கின்றன. அவற்றின் சாரம் இது: "நீ ஆண் தெய்வமோ பெண் தெய்வமோ, இந்த இடம் யாருக்கு உரியதோ, இதை வெட்டுவதற்காக இந்தப் பன்றி உனக்குச் சேர வேண்டியது. நானே வெட்டினாலும் என் சொல்கேட்டு வேறொருவர் வெட்டினாலும், இது முறையாகச் செய்ததாக இருக்கட்டும்."

தெய்வத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. சிலை இல்லை, கதை இல்லை. ஆனால் அந்தத் தோப்பில் யாரோ இருக்கிறார் என்பதும், அவருக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்தச் சொல்லில் கொடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். பொறுப்பை விட்டுவைக்காமல் "என் சொல்கேட்டு வேறொருவர்" என்று ஒரு பத்திரத்தைப் போல எழுதியிருக்கிறார். ரோமானிய மதம் இதுதான். கிரேக்கப் புராணங்கள் இதன் மேல் பின்னாளில் போர்த்திய துணி.

பழைய ரோமானியத் தெய்வங்கள் பலருக்குத் தாய் தகப்பன் இல்லை, காதல் இல்லை, சண்டை இல்லை. வேலை மட்டும் உண்டு. கதவுக்கு ஃபோர்குலுஸ், வாசற்படிக்கு லிமென்டினுஸ், கீலுக்குக் கார்டியா என்று ஒரே வாசலில் மூன்று பேர். தானியத்துக்கு உரிய செரெஸ் தேவிக்குப் பலியிடும் பூசாரி, கூடவே பன்னிரண்டு பேரை அழைப்பார். தரிசை உழுபவர், மறு உழவு போடுபவர், சால் பிடிப்பவர், விதைப்பவர் என்று தொடங்கி, களை பறிப்பவர், அறுப்பவர், கதிரை ஏற்றிச் செல்பவர், குதிரில் சேர்ப்பவர், கடைசியாகக் குதிரிலிருந்து எடுத்துத் தருபவர் வரை. ஒரு வருட விவசாயம் முழுவதும் அந்தப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது.

கோதுமைக்கு வரும் துரு நோய்க்கும் ஒரு தெய்வம் இருந்தது. ரோபிகுஸ் என்று பெயர். ஏப்ரல் 25 அன்று, கதிர் பிடிக்கும் பருவத்தில், ஊருக்கு வெளியே ஒரு தோப்புக்கு வெள்ளை உடுத்தி ஊர்வலமாகப் போய், ஒரு நாயையும் ஆட்டையும் பலியிடுவார்கள். கவிஞர் ஓவிட் இந்தச் சடங்கை விவரிக்கும்போது பூசாரியின் வேண்டுதலையும் தருகிறார். இளம் பயிரை விட்டுவிடு, பிடிக்க வேண்டுமானால் கடினமான இரும்பைப் பிடி, வாளையும் ஈட்டியையும் துருவேற்று என்கிறது அது. கதிர் கருகிப் போனால் அந்த வருடம் சாப்பாடு இல்லை என்று தெரிந்தவர்களின் பயம் அதில் இருக்கிறது.

அப்படியானால் கிரேக்கர்களிடமிருந்து எடுக்கவே இல்லையா? நிறைய எடுத்தார்கள். சிலை வடிவம், புராணம், கோயில் அலங்காரம் என்று எடுத்ததற்குக் கணக்கில்லை. ஆனால் பெயருக்குப் பெயர் பொருத்திவிட்டால் விஷயம் முடிந்துவிடுவதில்லை. கிரேக்க ஏரிஸ் யாருக்கும் பிடிக்காத வெறிகொண்ட போர்த் தெய்வம். ரோமின் மார்ஸ் ஊரைத் தோற்றுவித்த ரோமுலுஸின் தகப்பன்; நிலத்துக்கும் காவல். அதே கேட்டோ, பன்றி, ஆடு, காளை மூன்றையும் வயலைச் சுற்றி ஓட்டி வந்து, நோய் வராமல் பார்த்துக்கொள்ளும்படி மார்ஸிடம்தான் வேண்டச் சொல்கிறார். இரட்டை முகம் கொண்ட ஜானஸுக்குக் கிரேக்கத்தில் இணையே இல்லை. எல்லாவற்றையும்விட உறுதியான சான்று ஒன்று உண்டு. ரோமானிய முறையில் பலியிடுபவர் மேலங்கியின் நுனியால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சாட்டர்ன், ஹெர்குலிஸ் போன்ற சில தெய்வங்களுக்கு மட்டும் தலையைத் திறந்து வைத்துச் செய்வார்கள். அதற்குக் 'கிரேக்க முறை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எது தங்களுடையது, எது வந்தது என்பதை மறக்காமல் கணக்கு வைத்திருந்த மக்கள் அவர்கள்.

ஒரு பொதுப் பலி எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். ஆண் தெய்வத்துக்கு ஆண் விலங்கு, பெண் தெய்வத்துக்குப் பெண் விலங்கு. வானத்துத் தெய்வங்களுக்கு வெள்ளை, பாதாளத்துக்குக் கறுப்பு. விலங்கை அலங்கரித்து அழைத்து வருவார்கள். முதலில் நெருப்பில் சாம்பிராணியும் திராட்சை மதுவும். அடுத்து விலங்கின் நெற்றியில் மது ஊற்றி, முதுகில் உப்பு கலந்த மாவைத் தூவி, தலையிலிருந்து வால் வரை கத்தியை வெறுமனே ஓட்டுவார் தலைமை தாங்குபவர். அந்த நொடியில் விலங்கு மனிதர் கையைவிட்டுத் தெய்வத்தின் சொத்தாகிவிடுகிறது. பிறகு உதவியாள் "செய்யட்டுமா?" என்று கேட்பார். உத்தரவு வந்ததும் சம்மட்டியடி, கத்தி. வயிற்றைத் திறந்து ஈரல், பித்தப்பை, நுரையீரல், இதயம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஏதாவது கோளாறு என்றால் தெய்வம் ஏற்கவில்லை என்று பொருள். இன்னொரு விலங்கைக் கொண்டுவர வேண்டும், ஏற்கும் வரை. ஏற்றபின் உள்ளுறுப்புகள் தெய்வத்துக்கு நெருப்பில் போகும். மீதி இறைச்சி மனிதர்களுக்கு விருந்து.

இத்தனையும் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் இரட்டைக் குழல் ஊதிக்கொண்டே இருப்பார். எதற்கு? வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்கு. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார்: அதிகாரி வேண்டுதலைச் சொல்லும்போது ஒருவர் ஏட்டைப் பார்த்து வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் பிசகு வருகிறதா என்று கண்காணிப்பார், மூன்றாமவர் கூட்டத்தை அமைதியாக வைத்திருப்பார், குழல்காரர் ஊதுவார். ஒரு சொல் தவறினால் சடங்கு செல்லாது. மறுபடி முதலிலிருந்து. சிறு சிறு குறைகளால் ஒரே பலியை முப்பது தடவை திரும்பச் செய்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதுகிறார். மார்ஸின் பூசாரிகளான சாலியர்கள் மார்ச் மாதத்தில் கேடயமேந்தி ஆடிப் பாடிய பாட்டு, பாடுகிற அவர்களுக்கே ஏறக்குறைய புரியாத அளவுக்குப் பழைய லத்தீனில் இருந்தது. அதை மாற்றவில்லை. பொருள் புரிவதைவிட ஒலி மாறாமல் இருப்பது முக்கியம்.

இந்தக் கறாரை அரசியலிலும் பார்க்கலாம். கி.மு. 163இல் கான்சலாக, அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை அதிகாரிகளில் ஒருவராக, இருந்த டைபீரியஸ் கிராக்கஸ், அடுத்த ஆண்டுக்கான தேர்தலை நடத்தினார். வாக்கை அறிவித்துக்கொண்டிருந்த அலுவலர் ஒருவர் அங்கேயே விழுந்து இறந்தார். ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்க மக்களின் குறிசொல்லிகள், தேர்தலை நடத்தியவரிடம் முறைகேடு இருக்கிறது என்றார்கள். கிராக்கஸுக்குக் கோபம் தாங்கவில்லை. அந்நியர்களான உங்களுக்கு எங்கள் சகுன விதி தெரியுமா என்று விரட்டிவிட்டார். பதவிக்காலம் முடிந்து சார்டினியாவுக்குப் போனவர், அங்கே சகுன நூல்களைப் படிக்கும்போது தன் தவறைக் கண்டுபிடித்தார். தேர்தலுக்காக நகர எல்லைக்கு வெளியே சகுனம் பார்த்துக் கூடாரம் போட்டவர், இடையில் செனட் கூட்டத்துக்காக எல்லையைத் தாண்டி உள்ளே போனார். திரும்பி வந்தபோது மறுபடி சகுனம் பார்க்க மறந்துவிட்டார். அவ்வளவுதான். யாருக்கும் தெரியாத அந்தத் தவறை அவரே ரோமுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பதவியேற்று மாகாணங்களுக்குப் போயிருந்த இரண்டு கான்சல்களும் திரும்பி வந்து ராஜினாமா செய்தார்கள். மதத்தை அரசியல்வாதிகள் வெறும் கருவியாக மட்டும் வைத்திருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கோயிலையும் செனட்டையும் விட்டு வீட்டுக்குள் போனால் இந்த மதம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். பொம்பேயில் வெட்டியஸ் சகோதரர்களின் வீடு என்று அழைக்கப்படும் வீட்டில், சுவரில் ஒரு சின்னக் கோயில் முகப்பைப் போலத் தூணும் கூரையும் வைத்து ஒரு பூசை மாடம் இருக்கிறது. நடுவில் தலையை மூடிய ஒருவர். அவர் குடும்பத் தலைவரின் ஜீனியஸ், அதாவது அவருடைய உயிர்ச்சக்தி. இருபுறமும் குடிக்கும் கொம்பைத் தூக்கிப் பிடித்து ஆடுகிற இரண்டு இளைஞர்கள்; அவர்கள் லாரெஸ், வீட்டைக் காப்பவர்கள். கீழே படையலை நோக்கி ஊர்ந்து வரும் பாம்பு. கி.பி. 79இல் எரிமலை மூடியதால் நிறம்கூட மிஞ்சியிருக்கிறது. இவர்களோடு சேமிப்பறையைக் காக்கும் பெனாட்டெஸ், அடுப்பில் இருக்கும் வெஸ்டா. சாப்பாட்டின்போது ஒரு பங்கு அடுப்பு நெருப்புக்குப் போகும். பையன் பெரியவனாகும்போது கழுத்தில் கிடந்த காப்புத் தாயத்தைக் கழற்றி லாரெஸுக்குக் கொடுப்பான். மணமகள் புகுந்த வீட்டுக்கு மூன்று காசு கொண்டுவருவாள்: கையில் இருப்பது கணவனுக்கு, காலணிக்குள் வைத்தது அந்த வீட்டு லாரெஸுக்கு, பையில் இருப்பது அருகிலுள்ள முச்சந்தியின் லாரெஸுக்கு. மருமகள் வந்திருப்பதை வீட்டுத் தெய்வமும் தெருத் தெய்வமும் அறிய வேண்டும் அல்லவா.

இறந்தவர்களும் இதில் அடக்கம். பிப்ரவரி 13 முதல் 21 வரை முன்னோர்க்கான நாட்கள். கோயில்கள் மூடியிருக்கும், கல்யாணம் கிடையாது. கல்லறையில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான் என்கிறார் ஓவிட்: ஓர் ஓட்டுத்துண்டில் சில மாலைகள், சிதறிய தானியம், சிட்டிகை உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி, உதிரி வயலட் பூக்கள். ரோமுக்கு அருகே இசோலா சாக்ரா இடுகாட்டில், ஊற்றிய மது உள்ளே போவதற்குக் கல்லறையில் குழாய் பதித்தே கட்டியிருக்கிறார்கள்.

மே மாதம் வேறு மாதிரி. மே 9, 11, 13 ஆகிய இரவுகளில் அலைகிற ஆவிகள் வீட்டுக்கு வரும். நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு எழுவார். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு இடையில் நுழைத்துக் காப்புச் சைகை காட்டுவார். ஊற்று நீரில் கையைக் கழுவுவார். கறுப்பு அவரையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே வீசுவார். "இவற்றை விடுகிறேன்; இந்த அவரையால் என்னையும் என்னவர்களையும் மீட்கிறேன்" என்று ஒன்பது முறை. ஆவி பின்னால் வந்து பொறுக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது. மறுபடி கையை நனைத்து, வெண்கலத்தைத் தட்டி, "தகப்பன்மாரின் ஆவிகளே, வெளியே போங்கள்" என்று ஒன்பது முறை. அப்புறம்தான் திரும்பிப் பார்க்கலாம். இருட்டில் வெறுங்காலோடு நிற்கிற அந்த மனிதரிடம் போய் நம்புகிறீரா என்று கேட்க எனக்குத் தோன்றாது.

தெய்வத்தோடு பேசும் முறை பெரும்பாலும் நேர்த்திக்கடன்தான். நீ இதைச் செய், நான் இதைத் தருகிறேன். நடந்தால் கட்டாயம் செலுத்த வேண்டும். நடக்காவிட்டால் கடன் இல்லை. பேரரசு முழுவதும் "நேர்ந்ததை மனமுவந்து, உரியபடி செலுத்தினார்" என்ற வாசகத்தை நான்கே எழுத்தாகச் சுருக்கிப் பொறித்த கல் பலிபீடங்கள் ஏராளம். சுடுமண்ணில் செய்த கால், கை, கண் உருவங்களும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் பாத் நகர வெந்நீர் ஊற்றில் இதன் மறுபக்கம் கிடைத்தது: சுலிஸ் மினர்வா தேவிக்கு ஈயத் தகட்டில் எழுதிப் போட்ட சுமார் 130 முறையீடுகள். பெரும்பாலும் திருட்டு. தொசிலியானுஸ் என்பவர் முக்காடு வைத்த தன் மேலங்கியைப் பறிகொடுத்திருக்கிறார். எடுத்தது "ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ", அந்த ஆளுக்குத் தேவி தூக்கமும் பிள்ளைகளும் தரக்கூடாது, அங்கி கோயிலுக்கு வந்து சேரும்வரை. கேட்டோவின் தோப்பு வேண்டுதலில் இருந்த அதே வழக்கறிஞர் மொழி, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, குளிரில் அங்கியை இழந்த ஓர் எளியவரின் வாயில்.

பூசாரிகளைப் பற்றிச் சுருக்கமாக. ரோமில் பெரும்பாலான பூசாரிப் பதவிகள் முழுநேர வேலையல்ல, செனட்டர்களே வகித்தார்கள். புகழ்பெற்ற பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவும் சகுனம் பார்க்கும் குழுவில் ஒருவர். இரண்டு விதிவிலக்குகள் சொல்லத்தக்கவை. வெஸ்டா கன்னியர் ஆறு பேர். ஆறு வயது முதல் பத்து வயதுக்குள் தேர்ந்தெடுத்து, முப்பது ஆண்டு ஊரின் நெருப்பை அணையாமல் காக்க வைத்தார்கள். பெரும் மரியாதை உண்டு. கற்பு தவறியதாகத் தீர்ப்பானால் உயிரோடு புதைத்தார்கள். அந்தக் கொடுமையை வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இன்னொருவர் ஜூபிடரின் பூசாரி. குதிரை ஏறக்கூடாது, உடையில் முடிச்சு இருக்கக்கூடாது, அவரையைத் தொடவோ பெயர் சொல்லவோ கூடாது, மூன்று இரவு தொடர்ந்து தன் கட்டிலை விட்டு வெளியே தூங்கக்கூடாது. மனைவி இறந்தால் பதவி போய்விடும். கி.மு. 87இல் காலியான அந்த இடம் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் நிரப்பப்படாமலே கிடந்தது.

வேற்றூர்த் தெய்வங்களை அவர்கள் வரவேற்ற விதமும் சடங்கோடு சேர்ந்ததுதான். கி.மு. 396இல் வெயி நகரத்தைப் பிடிப்பதற்கு முன், தளபதி கமில்லுஸ் எதிரியின் தெய்வமான ஜூனோவிடம், உனக்கு ரோமில் கோயில் கட்டுகிறோம், எங்களோடு வா என்று கேட்டார். ஊர் வீழ்ந்தபின் சிலையை எடுக்கப் போன இளைஞர்களில் ஒருவன் "ரோமுக்கு வருகிறாயா ஜூனோ?" என்று கேட்க, தலையசைத்தது என்று மற்றவர்கள் கத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கொள்ளை நோய் வந்தபோது கிரேக்க எபிடாரஸிலிருந்து மருத்துவத் தெய்வத்தின் பாம்பைக் கொண்டுவந்து டைபர் தீவில் கோயில் கட்டினார்கள். எதிரியான கார்த்தேஜின் தளபதி ஹானிபல் படையோடு இத்தாலியில் இருந்தபோது, கி.மு. 204இல், சின்ன ஆசியாவிலிருந்து சிபெலெ தாய்த் தெய்வத்தின் கறுப்புக் கல் கப்பலில் வந்தது. ஆனால் அவளுக்காகத் தங்களை ஆண்மை நீக்கிக்கொண்ட பூசாரிகளைப் பார்த்ததும், ரோமானியக் குடிமகன் எவரும் அந்தப் பூசாரி ஆகக்கூடாது என்றார்கள். கி.மு. 186இல் மதுத் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டை செனட் ஒடுக்கியபோதும், வழிபாட்டை முழுவதும் தடுக்கவில்லை. அனுமதி இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, ஆண் இரண்டு, பெண் மூன்று என்று வரையறுத்தார்கள். அந்த ஆணையின் வெண்கலத் தகடு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. எந்தத் தெய்வம் என்பதைவிட, அரசின் கண்ணுக்குத் தெரியாமல் யார் என்ன செய்கிறார்கள் என்பதே அவர்களின் கவலை.

பேரரசர் வழிபாடும் இந்த வழியில் வந்ததுதான். கி.மு. 42இல் ஜூலியஸ் சீசர் தெய்வமாக அறிவிக்கப்பட்டார், அடுத்து முதல் பேரரசர் அகஸ்டஸ். அவருடைய கோயில்கள் எல்லைகளுக்கு அப்பாலும் பேசப்பட்டன. பியூட்டிங்கர் வரைபடம் என்று அறியப்படும் பழைய ரோமானிய வழி வரைபடத்தில், சேரர் துறைமுகமான முசிறிக்குப் பக்கத்தில் 'அகஸ்டஸ் கோயில்' என்று குறித்திருக்கிறார்கள். மிளகுக்கு வந்த வணிகர்கள் தங்கள் பலிபீடத்தையும் கூடவே நினைத்திருக்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி, நம்பினார்களா என்பது. சகுனம் பார்க்கும் குழுவில் இருந்துகொண்டே சிசரோ, குறி பார்ப்பதில் உண்மை இல்லை என்று வாதிட்டு எழுதினார். குழுவை விட்டு விலகவும் இல்லை, சடங்கை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நம்மில் பலருக்கு இது இரட்டை வேடமாகத் தெரியும். அவருக்கு அப்படித் தெரியவில்லை, ஏனென்றால் தெய்வம் எப்படிப்பட்டது என்று விவாதிப்பது தத்துவத்தின் வேலை. முன்னோர் செய்ததைக் குறையின்றிச் செய்வது குடிமகனின் கடமை. நம்பிக்கை அறிக்கை என்று ஒன்றை ரோம் யாரிடமும் கேட்டதில்லை. செய்யாமல் விட்டால், அவமதித்தால், கேட்டது. கி.மு. 249இல் டிரெபானா கடற்போருக்கு முன் சகுனக் கோழிகள் இரை எடுக்கவில்லை. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று தளபதி கிளாடியஸ் புல்கர் அவற்றைக் கடலில் வீசச் சொன்னதாகச் சிசரோ சொல்கிறார். 93 கப்பல்கள் எதிரி கையில் போயின. திரும்பி வந்தவர் மீது வழக்கு நடந்து, அபராதம் விதித்தார்கள்.

கிறிஸ்தவர்களோடு வந்த மோதலின் வேரும் இங்கேதான் இருக்கிறது. கி.பி. 249இல் பேரரசர் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். செய்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் வறண்ட மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன்; இப்போதும் உங்கள் முன்னிலையில் மது வார்த்தேன், பலியிட்டேன், பலியுணவை உண்டேன். கீழே அதிகாரியின் கையெழுத்து. வார்த்தேன், பலியிட்டேன், உண்டேன். நம்புகிறேன் என்ற சொல் எங்கேயும் இல்லை. ரோமானிய அதிகாரிக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி சின்ன விஷயம். கிறிஸ்தவருக்கு அதுவே உயிரைக் கொடுத்தும் செய்யக்கூடாத காரியம். இருவரும் ஒரே செயலைப் பார்த்தார்கள், ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியவில்லை.

பிறகு காலம் மாறியது. கி.பி. 382இல் வெஸ்டா கன்னியருக்கான அரசு மானியம் நின்றது. 392 நவம்பர் 8 தேதியிட்ட, கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியஸின் சட்டம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. லாரெஸுக்கு நெருப்பு மூட்டக்கூடாது, ஜீனியஸுக்கு மது வைக்கக்கூடாது, பெனாட்டெஸுக்கு நறுமணப் புகை காட்டக்கூடாது. விளக்கேற்றக்கூடாது, மாலை தொங்கவிடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்தது. சாம்பிராணி புகைந்த இடம் அதைப் புகைத்தவருக்கே சொந்தமானால், அது அரசுக்குப் போய்விடும். வீட்டுக்கு வெளியே நிலத்தில் செய்வதையும் விடவில்லை. புல்தரையை வெட்டி மேடு எழுப்பிப் பலிபீடம் செய்தாலும், ஒரு மரத்தில் நாடா கட்டினாலும், அந்த நிலமே பறிபோகும்.